கணித்த அளவும் கண்ட அளவும்

ஒரு பாலத்தைக் கட்டுவதற்கு முன்பே அதை நூறு முறை இடித்துப் பார்க்க இன்று முடிகிறது. புயலை ஏவலாம், நிலநடுக்கத்தை ஏவலாம், தூணொன்றைப் பிடுங்கிவிட்டு, எஞ்சியவை தாங்குகின்றனவா என்று சோதிக்கலாம். எவருக்கும் காயமில்லை, ஒரு மூட்டை சிமென்டும் வீணில்லை. கணித மாதிரிகளும் அவற்றை இயக்கும் கணினிகளும் பொறியியலுக்கு அளித்திருக்கும் இவ்வல்லமை மனித அறிவின் பெரும்பேறுகளுள் ஒன்று. வானூர்தியின் இறக்கையும் அணுவுலையின் கலனும் மெட்ரோ ரயிலின் சுரங்கமும் முதலில் எண்களாகப் பிறந்து, எண்களாகவே சோதிக்கப்பட்டு, அதன் பின்னரே பருப்பொருளாகின்றன. இம்முறையைக் கைவிட வேண்டும் என்று எவரேனும் சொன்னால், அவர் பொறியியலை அறியாதவர் என்றே கொள்ள வேண்டும்.

நம் கவலை வேறு. மாதிரி சொன்ன விடையை மறுத்துப் பேசும் உரிமை யாருக்கு இருக்கிறது? களத்தில் அளவுகோலுடன் நிற்கும் மேற்பார்வையாளர், கணக்கில் வந்ததற்கும் கண்ணெதிரே காண்பதற்கும் பொருத்தமில்லையே என்று சொன்னால், அந்தச் சொல் எந்த மேசை வரை ஏறும்? கடந்த அரை நூற்றாண்டின் பெரும் பொறியியல் தோல்விகள் சிலவற்றை அருகிருந்து நோக்கினால், பழியைக் கணினியின்மேல் போடுவதற்கு இடமிருப்பதாகத் தெரியவில்லை. கொடுத்ததைக் கொண்டு அது கணக்கிட்டது. கொடுத்தது பிழை என்றோ, வந்தது பொருந்தவில்லை என்றோ எடுத்துரைக்க ஆளில்லை. உரைத்த ஒருசிலருக்கும் செவி கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு நகர அரங்கம் 1970களின் தொடக்கத்தில் எழுந்தது. எஃகுக் கம்பிகளை முப்பரிமாண வலையாகப் பின்னி அமைத்த அதன் பெருங்கூரை, கணினிக் கணக்கை நம்பிச் சிக்கனமாக வடிவமைக்கப்பட்டது. கூரையைத் தரையிலேயே பூட்டி உயர்த்தி நிறுத்தியபின் தொய்வை அளந்தார்கள். கணக்கு சொன்னதைப்போல் அது இருமடங்கு இருந்தது. செய்தி வடிவமைப்பாளருக்குப் போயிற்று. கணக்குக்கும் களத்துக்கும் இத்தகைய வேறுபாடு எதிர்பார்க்கத்தக்கதே என்று விடை வந்தது. பின்னர்க் கூரையின் ஓரத்தில் பலகைகளைப் பொருத்த வந்த துணை ஒப்பந்தக்காரர், சட்டம் வளைந்திருப்பதால் துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்றார். எப்படியாவது பொருத்து, தாமதமானால் பொறுப்பு உன்னுடையது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவரும் வெட்டியும் ஒட்டியும் பொருத்தினார். 1978 ஜனவரி 18 விடியற்காலையில், பனியின் சுமை ஏறிய அக்கூரை முழுதும் இடிந்து விழுந்தது. சில மணி நேரத்துக்கு முன்தான் கூடைப்பந்து ஆட்டம் பார்த்த ஏறத்தாழ 5,000 பேர் அங்கிருந்து வீடு திரும்பியிருந்தார்கள். மேலடுக்கின் கம்பிகள் பக்கவாட்டில் நெளியாதவாறு நடுவே பிடிப்பு உண்டு என்று கணக்கில் கொள்ளப்பட்டிருந்தது. கட்டிய கூரையில் அப்பிடிப்பு இல்லை என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டிற்று. தொய்வின் அந்த இருமடங்கு, கூரையே எழுதி அனுப்பிய முறையீடு. அதைப் பெற்றுக்கொண்டவர்கள் கோப்பில் வைத்துவிட்டார்கள்.

ஹார்ட்ஃபோர்டில் அளவு எச்சரித்தது. நார்வே நாட்டில் நிகழ்ந்ததோ எச்சரிக்கைக்கே இடமில்லாத தோல்வி. ஆகவே அது இன்னும் ஆழ்ந்து கற்கத்தக்கது.

வடகடலின் எரிவாயுவை எடுக்க ஸ்லெய்ப்னர் ஏ என்னும் மேடை ஸ்டாவாங்கர் நகரையடுத்த கடற்கழியில் கட்டப்பட்டு வந்தது. 82 மீட்டர் ஆழக் கடலில், தரையில் கால் ஊன்றித் தன் எடையாலேயே நிற்க வேண்டிய காங்கிரீட் பேருரு அது. அடிப்பகுதியில் 24 உருளை அறைகள் தேனடைபோல ஒன்றையொன்று ஒட்டி நின்றன. அவற்றுள் நான்கு மட்டும் மேலே நீண்டு மேல்தளத்தைத் தாங்கும் தூண்களாயின. அத்தளத்தின் எடை 57,000 டன். தளத்தைத் தூண்களின்மேல் ஏற்றுவதற்கு ஒரு வழக்கமான உத்தி உண்டு. அடிப்பகுதிக்குள் நீரை விட்டு, தூண்களின் தலை மட்டுமே வெளியே தெரியும்வரை அதைக் கழியில் அமிழ்த்துவார்கள். தளத்தை மிதக்கவிட்டு மேலே கொண்டுவந்து நிறுத்துவார்கள். பிறகு நீரை இறைத்தால் தூண்கள் தாமே எழுந்து தளத்தைச் சுமந்துகொள்ளும். கட்டமைப்பு தன் வாழ்நாளில் காணவேண்டிய மிகப்பெரிய நீரழுத்தம் இந்தச் சில மணி நேரத்துக்குத்தான். 1991 ஆகஸ்டு 23 அன்று அமிழ்த்தல் ஒத்திகையின்போது பெருஞ்சத்தம் கேட்டது. தூணுக்குள் நீர் கொட்டத் தொடங்கியது. எக்கிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. உள்ளிருந்தவர்கள் அனைவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். மேடை 220 மீட்டர் ஆழத்துக்குச் சென்று நொறுங்கியது. அது தரையில் மோதிய அதிர்வு ரிக்டர் அளவில் 3.0 என்று நிலநடுக்கக் கருவிகளில் பதிவாயிற்று. இழப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர்.

எது உடைந்தது? மூன்று உருளைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒரு சிறு முக்கோண இடைவெளி எஞ்சும். அது மேலே திறந்திருக்கும்; கடல்நீர் அதனுள் நிறைந்து சுவர்களை உள்ளிருந்து வெளியே தள்ளும். மொத்தக் கட்டமைப்பில் மிகச் சிறிய மூலை அதுவே. கணினிக் கணக்கில் கட்டமைப்பை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் சமநிலையையும் எழுதி, எல்லாவற்றையும் ஒருங்கே தீர்ப்பார்கள். முடிவுறு கூறுமுறை என்று பெயர் பெற்ற இந்த வழியில், கூறுகளைப் பொடிப்பொடியாக வெட்டினால் விடை மெய்யை நெருங்கும். பெரிதாகவும் கோணலாகவும் வெட்டினால் விலகும். அந்த முக்கோண மூலையில் கூறுகள் பெரியனவாகவும் கோணலாகவும் வெட்டப்பட்டிருந்தன. விளைவாக, சுவரைக் குறுக்கே அறுக்கும் வெட்டுவிசை மெய்யளவினும் 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டது. அந்தக் குறைந்த எண்ணை நம்பிச் சுவரின் கனம் குறைக்கப்பட்டது. சுவர்கள் கூடும் முனையில் இட்ட கம்பிகளும் போதிய நீளம் இல்லாமல் நடுவிலேயே நின்றுவிட்டன. பயன்படுத்திய மென்பொருளோ நாசாவுக்கென உருவாக்கப்பட்டு உலகெங்கும் பெயர்பெற்ற நாஸ்ட்ரான். அதன்மேல் குற்றமில்லை.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 65 மீட்டர் ஆழத்தில் நீர் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 65 டன் எடையுடன் அழுத்தும். பள்ளி மாணவரும் அறிந்த கணக்கு. ஒரு மீட்டர் உயரச் சுவர்ப்பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு முனைகளுக்கும் இடையே நான்கு மீட்டர் என்று விளக்கத்துக்காக வைத்துக்கொள்வோம். மொத்த விசை 260 டன். அது இரு முனைக்கும் பாதி பாதியாகப் போக வேண்டும். முனைக்கு 130 டன். வேறு போக்கிடம் அதற்கு இல்லை. கணினித் தாளில் அவ்விடத்தில் 69 டன் என்று இருந்தால், மீதி 61 டன்னை யார் சுமக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். பழைய தபால் உறையின் முதுகில் இரண்டு நிமிடத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. உலகின் தலைசிறந்த கடற்பொறியாளர்கள் பணியாற்றிய, அம்மேடையைக் கட்டிய நிறுவனத்தில், அந்த ஒரு மூலைக்கு அதைப் போட்டுப் பார்த்து வடிவமைப்பை நிறுத்தியவர் எவருமில்லை. அதே வகை மேடைகள் பல அதற்கு முன் பழுதின்றி நின்றிருந்தன. வென்ற வழியை எவர் ஐயுறுவார்?

விபத்துக்குப் பின்னர், கூறுகளை நுணுக்கமாக வெட்டி அதே முறையில் மறுபடி கணக்கிட்டார்கள். 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உடைந்தது 65 மீட்டரில். இவ்வளவு துல்லியமாகச் சொல்லவல்ல கருவிதான், கவனமின்றிக் கையாளப்பட்டதால் ஒரு மேடையையே மூழ்கடித்தது. மாற்றுமேடையை வடிவமைக்க இறங்கியபோது, கணினி ஆய்வுகள் முடியும்வரை காத்திராமல், கணினிக்கு முந்திய தலைமுறையின் கைக்கணக்கு முறைகளைக் கொண்டே தொடங்கினார்கள். 1993இல் எரிவாயு குறித்த காலத்தில் பாய்ந்தது. அதே கட்டுநர்கள் 1995இல் ட்ரோல் ஏ என்னும் 472 மீட்டர் உயர மேடையைக் கடலுக்கு இழுத்துச் சென்று நிறுத்தினார்கள். கணினியைத் துறந்தா அதைச் செய்தார்கள்? இல்லை, கணினியைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டு செய்தார்கள்.

இக்கலையின் மூதாதையர் இவ்வடக்கத்தை அறிந்தே இருந்தனர். ஆங்கிலேயரான லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் 1910இல், கற்கட்டு அணையொன்றின் உட்தகைவுகளைக் கட்டங்கட்டமாகப் பகுத்து வெறும் எண்கணிதத்தால் காணும் வழியை எழுதினார். கணினி இல்லாத காலத்தில் கூலிக்கு ஆள் வைத்துக் கூட்டிக் கழித்துப் பெருக்கிச் செய்த கணக்கு அது. அதே வழியை அவர் காற்றுமண்டலத்துக்கும் விரித்தார். முதல் உலகப் போரில் பிரான்சில் மருத்துவ ஊர்தி ஓட்டிய காலத்தில், ஓய்வு வேளைகளில், 1910 மே 20ஆம் நாளின் வானிலையைக் கணித்துப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. மெய்யாக அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. 145 மில்லிபார் என்பது கடும் புயலிலும் காணாத மாற்றம். நகைப்புக்கு இடமான விடை. ரிச்சர்ட்சன் அதை மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட தம் நூலில் முழுக் கணக்கையும் பிழையோடு அச்சிட்டு, தொடக்கத்தில் கொண்ட காற்றளவுகளில் கோளாறு இருக்கலாம் என்றும் எழுதினார். பல்லாண்டுகளுக்குப் பின் தொடக்கத் தரவைச் சீர்செய்து அதே வழியில் கணக்கிட்டபோது நம்பத்தக்க விடை கிடைத்தது. இன்று உலகம் முழுவதும் வானிலை நிலையங்கள் நடந்து செல்லும் பாதையின் முதல் அடி, அச்சிட்ட அந்தப் பிழைதான்.

மாதிரிக்கு ஓர் ஆட்சி எல்லை உண்டு என்பதை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு வெகுதொலைவு போக வேண்டியதில்லை. அப்படி நேர்ந்த ஒரு விபத்தில் நம் நாட்டில் பிறந்த ஒருவரின் உயிரும் போயிருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பிய 82ஆம் நொடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டொன்று இடது இறக்கையைத் தாக்கியது. சேதத்தை அறிய, கிரேட்டர் என்னும் பழைய கணக்குக் கருவியைப் பொறியாளர்கள் கையிலெடுத்தனர். மூன்று கன அங்குல அளவுச் சிறு துண்டுகளைக் கொண்டு சோதித்து அமைத்த கருவி அது. தாக்கிய துண்டு அவற்றைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அப்படியிருந்தும், வெப்பக்காப்பு ஓடுகளை ஊடுருவும் அளவுக்குச் சேதம் இருக்கலாம் என்றே அது சொல்லிற்று. கிரேட்டர் எப்போதும் மிகைப்படுத்திச் சொல்லும் என்று அந்த விடையைத் தள்ளிவிட்டார்கள். இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் விடுத்த வேண்டுகோளும் நிறைவேறவில்லை. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். அவ்வாண்டு ஜூலையில், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில், மெய்யான இறக்கை விளிம்பின்மீது மெய்யான நுரைத்துண்டை அதே வேகத்தில் எய்து பார்த்தபோது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகல ஓட்டை விழுந்தது. நுரையால் இறக்கை உடையுமா என்று அதுவரை வாதிட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றோடு வாயடைத்தனர்.

விடை பிடிக்காதபோது கருவியை ஐயுறுவதும், பிடித்தபோது கருவியை வணங்குவதும் ஒரே நோயின் இரு முகங்கள். இரண்டிலும் சோதனைக்கு இடமில்லை.

இந்நோய்க்கு மருந்து உண்டு என்பதை நம் விண்வெளி ஆய்வு நிறுவனமே காட்டியிருக்கிறது. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கி நிலவில் மோதி அழிந்தது. எந்திரங்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்தது. சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அவற்றைத் திருத்த வேண்டிய வேளையில், கலம் எவ்வளவு விரைவாகத் திரும்பலாம் என்று விதித்திருந்த வரம்பு குறுக்கே நின்றது. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டர் சதுரம். 2023இல் இதனையெல்லாம் நிறுவனத் தலைவர் சோமநாத் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். எல்லாம் நன்றாக நடந்தால் எப்படி இறங்கும் என்ற கேள்வியை விடுத்து, எவையெல்லாம் கெட்டாலும் எப்படி இறங்கும் என்ற கேள்வியிலிருந்து அடுத்த கலத்தை வடிவமைத்ததாக அவர் கூறினார். இறங்கும் களம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமும் 2.5 கிலோமீட்டர் அகலமுமாக விரிந்தது. கால்கள் வலுப்பெற்றன. விரைவை நேரே அளக்கும் லேசர் கருவி புதிதாக ஏறியது.

இதனினும் நாம் போற்றுவது, கணினித்திரையை விட்டு எழுந்து அவர்கள் வெளியே வந்து செய்த சோதனைகளை. உணரிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிப் பறந்து பார்த்தார்கள். கலத்தைக் கிரேனில் கட்டித் தொங்கவிட்டு எந்திரங்களை மூட்டினார்கள். கால்களை மண்படுகையின்மேல் இறக்கி, எப்படி ஊன்றுகின்றன என்று பார்த்தார்கள். நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்த்தோசைட் என்னும் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. அதை உடைத்துப் பொடித்து நிலவுமண்ணுக்கு நிகராக்கியே நம் நிலவுக்கலங்களுக்கான சோதனைகள் நடந்தன. விழுப்புரத்தில் பிறந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக வழிநடத்திய சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே பழுதின்றி இறங்கியது.

நிலவுக்குச் செல்லும் கலத்துக்கு நாம் அளிக்கும் இம்மதிப்பை, நம் தெருவில் ஓடும் கால்வாய்க்கு அளிக்கிறோமா?

வடிகால் திட்டம் எதுவாயினும் அதன் அடியில் ஒரு சூத்திரம் இருக்கும். அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889இல் முன்வைத்தது. கால்வாயின் அகல ஆழமும் சரிவும் தெரிந்தால், எவ்வளவு நீர் ஓடும் என்று அது சொல்லும். இன்றைய வெள்ள மென்பொருள்கள் பலவற்றின் உள்ளேயும் இதுவே ஓடுகிறது. அதில் கால்வாயின் சொரசொரப்பைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. அதைக் கருவியால் அளப்பதில்லை. கால்வாயைக் கண்ணால் பார்த்து, அட்டவணையோடு ஒப்பிட்டுப் பொறியாளர் தேர்ந்தெடுக்கிறார். துப்புரவான மண்கால்வாய்க்கு 0.025 என்று போடலாம். ஆகாயத்தாமரை அடர்ந்து, பாலிதீன் பைகள் சிக்கி, கரையோரக் கட்டட இடிபாடு சரிந்து கிடக்கும் கால்வாய்க்கு 0.075 என்று போட வேண்டியிருக்கும். மற்றவை மாறாதிருந்தால், எண் மும்மடங்கானதும் கால்வாயின் கொள்ளளவு மூன்றில் ஒன்றாகும். தூர்வாரிய மறுநாள் எடுத்த எண்ணைக் கொண்டு மாதிரி ஓடுகிறது; ஐப்பசி, கார்த்திகை மழையோ தூர்வாராத கால்வாயில் இறங்குகிறது. திரையில் நீல நிறம் கரைக்குள் அடங்கி நிற்கும். வீட்டுக்குள் நீர் கட்டில்வரை ஏறி நிற்கும்.

2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அத்தகைய மழைக்கு எந்தக் கால்வாயும் ஈடாகாது என்பது உண்மைதான். ஆனால் அதைவிட மிகக் குறைந்த மழையிலும் அதே தெருக்கள் ஆண்டுதோறும் மூழ்குகின்றனவே, அதற்கு வானத்தைக் குறைசொல்ல முடியாது. 2015க்குப் பின்னர்த் தேசியக் கடலோர ஆய்வு மையம் சென்னைக்கென ஒரு வெள்ள எச்சரிக்கை மாதிரியை உருவாக்கியிருக்கிறது. வரவேற்கத்தக்க முயற்சி. ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னும், மாதிரி சொன்ன நீர்மட்டத்தையும் தெருச்சுவர்களில் படிந்த நீர்த்தடத்தையும் அருகருகே வைத்துப் பொதுமக்கள் அறிய வெளியிடும் வழக்கம் உண்டானால், அதன் மதிப்பு பன்மடங்காகும். எந்தெந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது என்பதை அளக்கப் புதிய கருவி வேண்டாம். அங்கே வாழ்பவர்களுக்கு அது மனப்பாடம்.

கல்விக்கூடங்களையும் இங்கே விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ளன. கட்டடப் பொறியியல் மாணவர் பலர் ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ், ஆன்சிஸ் என்று மென்பொருள் பயிற்சி பெற்று வெளிவருகிறார்கள். வேலைக்கும் அதுவே கேட்கப்படுகிறது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வண்ணம் தீட்டிய தகைவுப் படத்தைக் காட்டாத இறுதியாண்டுத் திட்ட அறிக்கை அரிது. அந்தச் சிவப்பு எத்தனை, அது ஏன் அந்த மூலையில் இருக்கிறது, ஆதாரங்களில் வரும் விசைகளைக் கூட்டினால் மேலே வைத்த சுமை திரும்பக் கிடைக்கிறதா என்று கேட்டால் பலர் திகைக்கிறார்கள். அலுவலகங்களிலும் நிலை வேறில்லை. "மாடல் பாஸ் ஆயிடுச்சு" என்பது இன்று வடிவமைப்புக்கூடங்களில் நாள்தோறும் ஒலிக்கும் தீர்ப்பு. யார் சோதித்து யார் தேர்ச்சி கொடுத்தது என்று அடுத்த கேள்வி எழுவதில்லை. இதில் மாணவர்மேல் மட்டும் குற்றம் சொல்வது அறமன்று. கைக்கணக்குக்கு மதிப்பெண் கொடுக்காத தேர்வும், கேள்வி கேட்கும் இளம்பொறியாளரை வேலையை நிறுத்துபவராகப் பார்க்கும் மேலாளரும் சேர்ந்தே இவர்களை உருவாக்குகிறார்கள்.

மேம்பாலங்களையும் பெருங்கட்டடங்களையும் கட்டும்போது, வடிவமைத்தவர் அல்லாத வேறொரு வல்லுநரைக் கொண்டு சரிபார்க்கும் வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. பெரும்பாலும் உயர்கல்வி நிறுவனங்களின் பேராசிரியர்களே அப்பணியைச் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடு. எனினும், வடிவமைப்பாளர் உருவாக்கிய மாதிரிக் கோப்பையே பெற்று, அதே மென்பொருளில் மறுபடி ஓட்டினால், அதே பிழை அதே விடையைத் தரும். ஹார்ட்ஃபோர்டின் கணக்கை அப்படி நூறு பேர் ஓட்டியிருந்தாலும் நூறு பேரும் கையொப்பமிட்டிருப்பார்கள். சரிபார்ப்பவர் வரைபடத்தை மட்டுமே பெற வேண்டும். தம் மாதிரியைத் தாமே எழுப்ப வேண்டும். முதன்மையான இடங்களில் கையால் போட்ட கணக்கும் கோப்பில் இடம்பெற வேண்டும். இதற்குக் கூடுதல் நாளும் கூடுதல் ஊதியமும் ஆகும். திட்டச் செலவில் இது ஒரு துளி. அதைக் கொடுக்க மறுக்கும் துறை, பிற்பாடு இழப்பீடாகக் கொடுக்கும்.

மாதிரியின் அடியில் கிடக்கும் ஊகங்களை, எளிய தமிழில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் திட்ட அறிக்கையின் முகப்பிலேயே வைக்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கை. எவ்வளவு மழை என்று கொண்டீர்கள், மண்ணை எத்தனை இடத்தில் துளையிட்டுப் பார்த்தீர்கள், கால்வாய் துப்புரவாக இருக்கும் என்று கொண்டீர்களா இல்லையா, எந்தச் சுமைக்கு மேல் இந்தக் கணக்கு பேசாது. இவற்றை அறிய மக்களுக்கு உரிமை உண்டு. ஊகத்தைப் படித்துவிட்டு, எங்கள் ஊர்க் கால்வாய் இப்படி இல்லையே என்று ஒரு விவசாயி சொன்னால், அந்தச் சொல்லைப் பதிவுசெய்து விடையளிக்கும் கடமை துறைக்கு இருக்க வேண்டும்.

மேம்பாலத்தைப் போக்குவரத்துக்குத் திறக்கும் முன் சுமைச்சோதனை செய்வதுண்டு. மணலோ ஜல்லியோ ஏற்றிய லாரிகளைப் பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தி, அடியில் அளவிகளைப் பொருத்தி, ஒரு நாள் முழுதும் தொய்வைக் குறித்து, லாரிகளை இறக்கியபின் பாலம் எவ்வளவு மீண்டெழுகிறது என்று பார்க்கிறார்கள். சாதாரணக் காங்கிரீட் பாலமாயின் தொய்வில் 75 விழுக்காடும், முன்னழுத்தம் கொடுத்த பாலமாயின் 85 விழுக்காடும் மீள வேண்டும் என்பது நெறி. சோதனை முடிந்ததும் தேர்ச்சி என்ற ஒற்றைச் சொல் செய்திக்குறிப்பில் வருகிறது. மற்றவை கோப்புக்குள் போய்விடுகின்றன. அந்த ஒற்றைச் சொல் போதாது. மாதிரி கணித்த தொய்வு இத்தனை மில்லிமீட்டர், பாலத்தில் அளந்தது இத்தனை மில்லிமீட்டர் என்று இரண்டு எண்களையும் அருகருகே, பாலம் திறக்கும் நாளுக்கு முன்பே, நெடுஞ்சாலைத் துறை தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். இரண்டும் வேறுபட்டால் ஏன் என்ற விளக்கத்தையும் அதன்கீழ் எழுதி, எழுதிய பொறியாளரின் பெயரையும் இட வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், புதிய வாரியம் வேண்டாம். அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் ஒரு விதியைச் சேர்த்தால் போதும்.